சின்னப் பிள்ளைகளுக்கு என்ன பொம்மை வாங்கலாம்? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். சத்துமாவு வாங்க வரும் அம்மாக்கள், பேரப்பிள்ளையைக் கூட்டிப் போக வரும் ஆச்சி தாத்தாக்கள், தெருவில் பார்த்து நிறுத்திக் கேட்பவர்கள் என்று எல்லாருக்கும் பொம்மை விஷயத்தில் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

ஒரு வயசு ஆகப் போகுது டீச்சர். முதல்ல என்ன வாங்கணும்?

நிறைய வேண்டாம். ஒரு பந்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், எட்டுப் பத்து மரக்கட்டைகள், இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி, கெட்டி அட்டையில் படம் போட்ட ஒரு புத்தகம். இவ்வளவு இருந்தால் இரண்டு வயது வரை தாராளமாக ஓடும்.

இதில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மரக்கட்டைகளை வாங்குங்கள். ஒரு வயதில் பிள்ளை இரண்டு கட்டையை எடுத்து டப் டப் என்று தட்டும். ஒன்றரை வயதையொட்டி மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். இரண்டு வயதில் ஐந்தாறு அடுக்கும், அதே கட்டையைத் தரையில் தள்ளி ‘பஸ்’ என்றும் சொல்லும். மூன்று வயதில் வீடு கட்டி அதற்குள் ஆளை உட்கார வைக்கும். பிள்ளை வளர வளர விளையாட்டும் மாறுவதால் பொம்மையை மாற்ற வேண்டிய தேவையே வராது.

ஆசையா வாங்கிக் குடுத்ததைத் தொடவே மாட்டேங்கான். அடுக்களையில இருக்க ஏனத்தையே உருட்டுதான். என்ன செய்ய?

உருட்டட்டும். அவன் அம்மாவும் ஆச்சியும் நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பது கரண்டியும் தட்டும் சம்படமும்தான். அவர்கள் தொடுவதைத் தானும் தொட வேண்டும் என்பது அந்த வயதின் ஆசை. அதோடு எவர்சில்வர் கும்பாவைத் தட்டினால் ஒரு சத்தம், சிரட்டையைத் தட்டினால் வேறு சத்தம், மூடியைத் தரையில் சுழற்றிவிட்டால் கொஞ்ச நேரம் ஆடி அடங்கும். இத்தனையும் கற்றுக்கொடுக்கிற பொம்மை கடையில் கிடைப்பது அரிது.

அடுக்களையில் கீழ்த்தட்டு ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். விளிம்பு கூராக இல்லாத கிண்ணங்கள், மூடியோடு ஒரு தூக்குச்சட்டி, மரக்கரண்டி, சின்னச் சுளகு. கண்ணாடி, கத்தி, அரிவாள்மணை, மருந்து எல்லாம் வேறு இடத்துக்குப் போகட்டும். அடுப்பு எரியும் நேரத்தில் மட்டும் அந்தத் தட்டைத் தார்சாவுக்கோ (முன் தாழ்வாரம்) பட்டாசலுக்கோ (கூடம்) மாற்றிக்கொள்ளுங்கள்.

எதைக் குடுத்தாலும் வாயிலதான் வைக்கா. இதை எப்படி நிறுத்த?

நிறுத்த வேண்டியதில்லை. அந்த வயதில் வாயும் நாக்கும்தான் பிள்ளைக்குப் பொருளை அறியும் வழி. இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். அதுவரை நம் வேலை, வாய்க்குள் முழுசாகப் போகக்கூடிய அளவில் எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது.

பொம்மைகளைச் சோதிக்கும் இடங்களில் இதற்கென்றே ஒரு சின்ன உருளைக் குழல் உண்டு. அதன் வாய் 31.7 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பொம்மையோ, அதிலிருந்து கழன்ற துண்டோ அந்தக் குழலுக்குள் முழுசாக அடங்கினால் அந்தப் பொம்மை ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். குழலின் வாய் அதைவிடக் கொஞ்சமே பெரிது என்று கண்ணால் அளந்துகொள்ளலாம். உருண்டையான பொருள் என்றால் இந்த அளவும் போதாது, 44.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். உருண்டை தொண்டையில் போய் அப்படியே அடைத்துக்கொள்ளும். கோலிக்குண்டும் எகிறிக் குதிக்கும் சின்ன ரப்பர் பந்தும் இதனால்தான் கூடாது.

அளவு பார்த்தபின் கையால் இழுத்தும் பாருங்கள். பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், வண்டிச் சக்கரம், சக்கரத்தின் நடுவில் இருக்கும் மூடி. நீங்கள் நன்றாக இழுத்துக் கையோடு வருகிறது என்றால் பிள்ளை பல்லால் கடித்தும் வரும்.

அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் வாங்கலாமா? இல்ல, அதெல்லாம் பழைய காலமா?

தாராளமாக வாங்கலாம். நம் ஊரிலேயே கடைந்து வரும் சாமான் இது. கடைசல் பட்டறையில் மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கிப் பானையும் குடமுமாக உருவெடுக்க வைப்பார்கள். பிறகு சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். அந்தச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மேலே பூசியதாக இல்லாமல் மரத்தோடு ஒட்டி மினுங்குவது அதனால்தான். கையில் எடுத்துப் பார்த்தால் ஓரமே இருக்காது, எங்கு தடவினாலும் வழுவழுவென்று இருக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, இப்போது சாதாரண பெயின்ட் அடித்ததும் அதே கூடையில் விற்கிறது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துச் சாயம் ஒட்டினால் வேண்டாம். இரண்டு, சொப்புப் பெட்டி ஒன்றில் பெரிய பானையும் இருக்கும், சுண்டுவிரல் தண்டிக் கரண்டியும் குட்டிக் குழவியும் இருக்கும். மேலே சொன்ன அளவுக்குள் அடங்குவதையெல்லாம் பொறுக்கித் தனியாக எடுத்துவைத்து, மூன்று வயது தாண்டியபின் கொடுங்கள். மூன்று, தண்ணீரில் ஊறவிடாதீர்கள், மரம் வெடிக்கும். துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சொப்பு என்றால் எடுப்பதும் வைப்பதும் மட்டும்தான். இரண்டை நெருங்கும்போது வெறும் பானையிலிருந்து ‘சோறு’ அள்ளி உங்கள் வாயில் ஊட்டும். இல்லாததை இருப்பதாக நினைக்கும் திறமை வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். சப்புக்கொட்டிச் சாப்பிட்டு, ‘உப்பு கொஞ்சம் கம்மி’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே உப்புப் போட ஓடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும்ங்காங்க. பொம்மைக்கும் அது உண்டா?

உண்டு. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடுவதற்கு ஐ.எஸ். 15644 என்ற தரம். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, இந்தத் தரங்களை வகுக்கும் அரசு அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்த்தால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும்.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொருளுக்கு இதில் விலக்கு இருக்கிறது. அதனால் சொப்பு சாமானில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம், முந்தைய பதிலில் சொன்னபடி நீங்களே பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பொம்மை, பேட்டரி பொம்மை என்றால் முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பெயின்ட் வாடை அடித்தால் முத்திரை இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாக்கர் வாங்கட்டுமா, நடைவண்டி வாங்கட்டுமா?

நடைவண்டி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

நடுவில் பிள்ளையை உட்காரவைத்துச் சுற்றிச் சக்கரம் வைத்த வாக்கர் நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. பிள்ளை தன் எடையைத் தானே தாங்கிச் சமநிலை பிடிக்க வேண்டிய வேலையை அந்த இருக்கை பிடுங்கிக்கொள்கிறது. பல பிள்ளைகள் அதில் பெருவிரலால் உந்தியே பழகிவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் ஆபத்து. நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் படிக்கட்டு வரை உருண்டு போய்விடும், கொதிக்கும் குழம்புச் சட்டிக்குக் கை எட்டிவிடும். கனடா நாடு 2004இல் இந்த வாக்கரை விற்கவே கூடாதென்று தடை செய்துவிட்டது. நம் வீடுகளில் தார்சாவிலிருந்து தெருவுக்கு இறங்கும் படிகளை நினைத்துப் பாருங்கள்.

மூன்று சக்கர மர நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நிற்கிறது, தானே தள்ளுகிறது, வேண்டாமென்றால் விட்டுவிட்டு உட்காருகிறது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கியபின் கொடுத்தால் போதும், அதற்கு முன் வேண்டாம். டைல்ஸ் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். முற்றத்து மண்தரையோ சிமென்ட் தரையோ நல்லது. நீங்கள் கூடவே நடக்க வேண்டும் என்பது இதிலும் உண்டு.

பட்டனை அமுக்கினா ஏ.பி.சி.டி. சொல்லுது, பாட்டுப் பாடுது. ‘அறிவு வளரும்’னு பெட்டியில போட்டிருக்கு. நெசமா?

பெட்டியில் யார் வேண்டுமானாலும் அப்படி அச்சடிக்கலாம். நான் பார்ப்பது வேறு: விளையாடும்போது வேலை செய்வது பொம்மையா, பிள்ளையா? பட்டனை அமுக்கியதும் பொம்மை பாடி, ஆடி, விளக்கெரித்து முடித்துவிடுகிறது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது மறுபடி அமுக்குவது ஒன்றுதான்.

எழுத்து சொல்லிக்கொடுக்க மூன்று வயதுக்குள் அவசரமே இல்லை. இந்த வயதில் வளர வேண்டியது பேச்சு. பேச்சு ஆளோடு ஆள் பேசித்தான் வரும். பிள்ளை ‘கா’ என்கிறது, நீங்கள் ‘ஆமா, காக்கா. காக்கா எங்க உக்காந்திருக்கு?’ என்கிறீர்கள், அது முருங்கை மரத்தைக் கை காட்டுகிறது. பொம்மையால் இப்படித் திருப்பிக் கேட்க முடியாது. ஏற்கனவே அன்பளிப்பாக வந்துவிட்டதென்றால் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், பலபேர் வீட்டில் பிள்ளை அதை வண்டியாகத் தள்ளி அதிக நேரம் விளையாடுகிறது.

காசு போடாம வீட்டுல என்னவெல்லாம் செய்து குடுக்கலாம்?

இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நம் பக்கம் அதற்குக் குறைவே இல்லை.

பனையோலையில் முடையும் கிலுகிலுப்பை, ஓலைக் கொட்டான், நார்ப்பெட்டி இவையெல்லாம் ஒரு வயதுக்கு அருமையானவை. கொட்டானுக்குள் ஒரு துணிப்பந்தைப் போட்டு மூடிக் கொடுத்தால் திறப்பதும் மூடுவதுமாகவே பொழுது போகும். ஓலை முனை கூராகப் பிரிந்திருந்தால் கத்தரித்துவிடுங்கள். கிலுகிலுப்பைக்குள் என்ன போட்டிருக்கிறது, பின்னல் விட்டால் வெளியே கொட்டுமா என்பதையும் பாருங்கள். சிரட்டையை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கினால் அகப்பை, கிண்ணம், தாளம் எல்லாம் ஆகும். பழைய வேட்டியைக் கிழித்து இறுகச் சுற்றித் தைத்தால் பந்து. காலி அட்டைப்பெட்டியின் மேல்மூடியில் ஓட்டை போட்டால் துணிப்பந்தைத் திணித்து உள்ளே தள்ளும் விளையாட்டு. அப்பா தண்ணீர் கேன் மூடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஒருவர் கொண்டுவந்தார். அவை அளவில் பெரிதாக இருந்தன, அடுக்குவதற்கு நன்றாக உதவின. பாட்டில் மூடி அப்படி ஆகாது, சின்னது.

மணலும் தண்ணீரும் எந்தப் பொம்மைக்கும் மேல். ஒரு தட்டில் சலித்த ஆற்று மணல், ஒரு சிரட்டை, ஒரு கரண்டி. அள்ளிக் கொட்டி அள்ளிக் கொட்டிக் கையின் பிடி திருந்தும். தண்ணீர் விளையாட்டுக்கு அகலமான தாம்பாளத்தில் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாளி கூடாது. சின்னப் பிள்ளைக்குத் தலை பாரம், எட்டிப் பார்க்கும்போது குப்புறக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர்கூட மூக்கும் வாயும் மூழ்கப் போதும். விளையாட்டு முடிந்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சப்பாத்தி மாவில் உப்புக் கூட்டிப் பிசைந்து கொடுத்தால் உருட்டும், பிய்க்கும், அமுக்கும். ஒன்றரை வயதுக்கு மேல் நல்லது. நுங்கு வண்டி ஓட்ட இவர்களுக்கு இன்னும் வயது வரவில்லை. அண்ணன் ஓட்ட, பின்னால் ஓடிப் பார்க்கட்டும்.

புளியமுத்து, சோழி, குன்னிமுத்து வச்சு நாங்க விளையாடலையா? பல்லாங்குழி குடுத்தா என்ன?

மூன்று வயது முடியட்டும். புளியமுத்து எல்லாமே மேலே சொன்ன குழலுக்குள் அடங்கும். அது மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் ஈரத்தில் ஊறி இன்னும் பெருக்கும். நிலக்கடலையும் பட்டாணியும் இப்படித்தான்.

குன்னிமுத்து, அதாவது குன்றிமணி, எந்த வயதுக்கும் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் உள்ளே கொடிய விஷம். ஓடு உடையாமல் விழுங்கினால் தப்பலாம், கடித்து நொறுக்கினாலோ துளை போட்டுக் கோத்ததாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. கிலுகிலுப்பைக்குள் குன்றிமணி போட்டது, குன்றிமணி கோத்த மாலை, பிள்ளையாருக்குக் கண் வைத்து மிச்சமானது எதையும் பிள்ளை இருக்கும் வீட்டில் எட்டும்படி வைக்காதீர்கள். தண்ணீரில் போட்டால் ஊதும் வண்ண ஜெல்லி மணிகளும் இதே கணக்குதான். வயிற்றுக்குள் போயும் ஊதும், குடலை அடைக்கும்.

எல்லாத்தையும் தூக்கி எறியுதான். அடிச்சுப் பாத்தாச்சு, கேக்கல.

அடிக்க வேண்டாம். எறிவது ஒரு வயதுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி. விட்டால் கீழே விழுகிறது, சத்தம் வருகிறது, அம்மா எடுத்துத் தருகிறாள், மறுபடி விட்டால் மறுபடியும் விழுகிறது. எறியத் தகுந்ததைக் கொடுத்து எறியவிடுங்கள்: துணிப்பந்து, காலிக் கூடை, ‘இதுக்குள்ள போடு பாப்போம்’. மரக்கட்டையை ஆள்மேல் எறிந்தால் ‘கட்டை அடுக்க, பந்து எறிய’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லி, கட்டையை எடுத்துவைத்துப் பந்தைக் கையில் கொடுங்கள். பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

எத்தனை பொம்மைதான் வச்சிருக்கலாம்? வீடு பூரா கெடக்கு.

ஒரு நேரத்தில் ஐந்தாறு வெளியே இருந்தால் போதும். மிச்சத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து மாற்றுங்கள். திரும்பி வரும் பழைய பொம்மை புதுப் பொம்மை ஆகிவிடும். முழு மூட்டையையும் தரையில் கவிழ்த்தால் பிள்ளை எதிலும் நிலைக்காமல் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போகும். ஒரு கோரைப்பாயை விரித்து ‘பொம்மை பாய்மேல’ என்று பழக்கினால் வீடு முழுக்கச் சிதறுவதும் குறையும்.

சோறு ஊட்டச் செல்போன் குடுக்கேன். அதுவும் படிப்புப் பாட்டுதான். தப்பா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் பார்த்தாலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவதை நான் இதில் சேர்க்கமாட்டேன். அங்கே எதிர்ப்பக்கத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

சோற்று நேரத்தில் கொடுப்பதுதான் எனக்குக் கவலை. வாய்க்குள் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்பது தெரியாமலே விழுங்கப் பழகிவிடும். தட்டில் இரண்டு பருக்கை அதன் கையிலும் கொடுங்கள். சிந்தும், பூசிக்கொள்ளும், பரவாயில்லை. போனை ஒரே நாளில் நிறுத்தினால் அழுகை இருக்கும். வீட்டில் ஆச்சி, தாத்தா எல்லாரும் ஒரே முடிவில் நின்றால் சில நாளில் அடங்கும். ஒருவர் இரங்கிக் கொடுத்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பையன் சொப்பு வச்சு விளையாடுதான். எங்க அத்தை ‘ஆம்பளப் பிள்ளைக்கு என்ன சொப்பு’ன்னு திட்டுதாங்க.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அந்த வயதில் சொப்பு வைப்பது சமையல் பழக இல்லை. பேச, நினைத்துப் பார்க்க, அடுத்தவருக்கு ஊட்டப் பழகுகிறான். அதே போல, பெண் பிள்ளைக்கு வண்டியும் பந்தும் கட்டையும் கிடைக்க வேண்டும். எங்கள் அங்கன்வாடியில் எல்லாச் சாமானும் ஒரே கூடையில்தான் இருக்கும். யாருக்கு எது என்று பிள்ளைகள் கேட்டதே இல்லை.

தேரோட்டத்துக்குப் போனா அழுது பெரளுதா. கடையில எதை வாங்கித் தரலாம்?

ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளிலும், சாரல் சீசனில் குற்றாலத்திலும், திருச்செந்தூரிலும் கடைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காற்றாடி, பந்து, மரவண்டி, பெரிய சொப்பு வாங்கலாம். காற்றாடியின் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவிடாதீர்கள்.

பலூனை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், உயரே கட்டிவிட்டுப் பார்க்க வைக்கலாம். வெடித்த துண்டை வாயில் போட்டால் அந்த ரப்பர் தொண்டையில் ஒட்டி மூச்சை முழுசாக அடைக்கும். பிளாஸ்டிக் பீப்பியில் வாயில் வைக்கும் முனை கழன்று வருவதாக இருந்தால் வேண்டாம். கழுத்தைச் சுற்றும் அளவுக்கு நீளக் கயிறு கட்டிய பொம்மைக்கு வீட்டுக்கு வந்ததும் கயிற்றைக் குட்டையாக்குங்கள்.

ஆகவே ஆகாதது, விளக்கு எரியும் மோதிரம், மினுக்கும் பம்பரம் போன்றவை. உள்ளே பொத்தான் அளவு பேட்டரி இருக்கும், அதன் மூடி நகத்தால் நெம்பினால் திறந்துவிடும். அதை விழுங்கி உணவுக்குழலில் மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பேட்டரிப் பொம்மை என்றால் மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். சின்னக் காந்தத் துண்டுகளும் இப்படியே, இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

மச்சுல எங்க காலத்து நடைவண்டி இருக்கு. பெயின்ட் அடிச்சுக் குடுக்கலாமா?

மரம் உளுத்துப் போகாமல், ஆணி துருத்தாமல் இருந்தால் நல்லதுதான். பெயின்ட்தான் கவனிக்க வேண்டியது. பழைய பெயின்ட்டுகளில் ஈயம் அதிகம் இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சு உரிந்துகொண்டிருந்தால் வீட்டுக்குள் வைத்து உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தூசி பறந்து பிள்ளை மூச்சில் போகும். தச்சாசாரியிடம் கொடுத்து இழைத்து வாங்கி, பெயின்ட் அடிக்காமல் வெறும் மரமாகவே விடுவது என் யோசனை. சக்கரத்துக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.

ரெண்டரை வயசாச்சு, யாருக்கும் பொம்மை குடுக்க மாட்டேங்கா. பிடுங்கி வச்சுக்கிடுதா.

இந்த வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். சேர்ந்து விளையாடுவது மூன்று, நான்கில் மெதுவாக வரும். விருந்தாளிப் பிள்ளை வருகிறதென்றால் அவளுக்கு உயிரான ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். கட்டை, மணல், மாவு மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளும் சாமானை வெளியே வையுங்கள். ‘அவ ஒரு தடவ, நீ ஒரு தடவ’ என்று பந்தை உருட்டி மாற்றி மாற்றிப் பழக்கலாம்.

எதையோ விழுங்கிட்டான்னு தெரிஞ்சா உடனே என்ன செய்யணும்?

இருமுகிறது, அழுகிறது என்றால் மூச்சு போகிறது. இருமவிடுங்கள், கூடவே இருங்கள். சத்தமே வரவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் ஒருவர் 108க்குக் கூப்பிட, மற்றவர் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. ஒரு வயது தாண்டியிருந்தால் முதுகில் ஐந்து தட்டியபின், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடாதீர்கள், இன்னும் உள்ளே போகும். பேச்சு மூச்சில்லாமல் துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி, 108இல் பேசுபவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

பொத்தான் பேட்டரி, காந்தம், குன்றிமணி என்று சந்தேகம் வந்தாலே, பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும், நேரே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ பொம்மையின் பெட்டியோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ரெண்டு வயசாகப் போகுது. வண்டியைக் கவுத்துப் போட்டு சக்கரத்தையே சுத்திக்கிட்டு இருக்கான். வேற பொம்மை வாங்குனா சரியாகுமா?

சக்கரம் சுற்றுவதும் கட்டையை வரிசையாக வைப்பதும் எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் உண்டு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கூடவே வேறு சிலதைப் பாருங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? விமானம் போனால் ‘அங்க பாரு’ என்பது போல உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? சொப்பில் ஊட்டுவது மாதிரிப் பாவனை விளையாட்டு ஏதாவது உண்டா? இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்கிறானா? முன்பு சொன்ன சொற்கள் ஏதும் நின்றுபோயினவா?

இவற்றில் பல இல்லை என்றால், சொன்ன சொல் நின்றுபோயிருந்தால் அது ஒன்றே போதும், பொம்மை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியும் மற்றப் பயிற்சிகளும் காசில்லாமல் கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் எப்படிப் போவதென்று சொல்லுவார்கள். போகும்போது அவன் வழக்கமாக வைத்து விளையாடும் அந்த வண்டியையும் எடுத்துப் போங்கள், புது இடத்தில் அவன் எப்படி விளையாடுகிறான் என்பதை மருத்துவர் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அவன் விளையாடுவதை ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.